வாரம் விட்டு வாரம் வேலை

புதிதாகக் கணக்கெடுப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். பதிவு செய்யத் தரும் டேப்லெட்டை, நாம் டேப் என்று சொல்வதை, எப்படிப் பயன்படுத்துவது, எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வரும் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அங்கே தூங்கிவிட்டாலும் பரவாயில்லை, தவறாக அழுத்தினால் டேப்பே உங்களைத் திட்டும். நான் எழுதப் போவது ஒரே ஒரு சம்பவம். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. அதை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் என் குரல் உயர்ந்துவிடுகிறது. ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நம் வேலை என்ன? வீடு வீடாகப் போய், இந்த வாரம் வேலை செய்தீர்களா, செய்யவில்லை என்றால் கிடைத்திருந்தால் செய்திருப்பீர்களா என்று கேட்பது. வேலை இல்லாமல், ஆனால் கொடுத்தால் செய்யத் தயாராக இருப்பவர்தான் நம் கணக்கில் வேலையில்லாதவர். வேலைக்கே போகிற எண்ணம் இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதில் வரமாட்டார். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய பெரிய அதிகாரிகளே தடுக்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கண்காணிப்பாளராக இருந்த வட்டாரம் வாணியம்பாடி, அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்கள், மேலே ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கத்துக் குக்கிராமங்கள் எல்லாம் சேர்ந்தது. கீழே தோலும் செருப்பும். மேலே சாமையும் புளியும் பலாவும். நகரத்தில் வேலையின்மை எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் ஏறும். ஆர்டர் வந்துவிட்டால் இறங்கும். மலையில் மட்டும் வரைபடத்துக் கோடு எப்போதும் படுத்தே கிடக்கும். வேலையில்லாதவரே அங்கே கிடையாது என்று கணக்கு சொல்லும். அறுவடை முடிந்தால் ஆண்கள் குடகுக் காபித் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். பெண்களைக் கேட்டால், "வூட்லதான் கீறேன், வேலைக்கு எங்க போறது?" என்பார்கள். தேடாதவரை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

அப்படிப்பட்ட கோடு ஒரு கணக்கெடுப்புச் சுற்றில் எழுந்து நின்றுவிட்டது. மலையில் வேலையில்லாத பெண்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியிருந்தது. அதுவும் எங்கே? அடிவாரத்துச் செருப்புப் பட்டறை ஒன்று சில மாதங்களாக வேன் அனுப்பிப் பெண்களை வேலைக்கு அழைத்துப் போகிற அதே கிராமங்களில். வேலை வந்த இடத்தில் வேலையின்மை கூடுகிறது! எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது கவலை இல்லை, குஷி. இத்தனை வருஷம் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஏதோ அசைகிறதே என்கிற குஷி.

எங்கள் மேலதிகாரிக்கு அந்தக் குஷி வரவில்லை.

"மேடம், வேன் விட்ட ஊர்ல வேலையில்லாதவங்க ஜாஸ்தின்னு அனுப்பினா மேலிடத்துல சிரிப்பாங்க" என்றார். "அந்தப் பொண்ணு புதுசு. வீட்டு வேலைன்னு போட வேண்டியதையெல்லாம் மாத்திப் போட்டிருக்கும். வாரக் கடைசிக்குள்ள திருத்தி அனுப்புங்க."

"திருத்தறதுக்குத் தப்பு இருக்கணுமே சார்."

"இருக்கும். தேடுங்க."

அந்தப் பொண்ணு என்று அவர் சொன்னது பர்வீனை. வாணியம்பாடிக்காரி. வேலைக்குச் சேர்ந்து அதுதான் அவளுடைய முதல் மலைச் சுற்று. கூப்பிட்டு விசாரித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் கலங்கவில்லை.

"கேட்டதத்தான் மேடம் போட்டேன். இந்த வாரம் வேல இல்ல, குடுத்தா இப்பவே கெளம்பிடுவேன்னு சொல்றாங்க. அத எப்டி மேடம் வீட்டு வேலைன்னு போடறது?"

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல், நாளைக்கு நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, மேலே போகிறோம் என்றேன்.

போவதற்கு முன்னால் இன்னொன்றும் காதுக்கு வந்தது. அந்தப் பட்டறையின் முதலாளி, வாணியம்பாடியில் தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெரியவர், வேலைவாய்ப்புக் கூட்டம் ஒன்றில் எல்லோர் முன்னாலும் புலம்பியிருந்தார். "மலைப் பொண்ணுங்களுக்கு வேலையில ஆசையே இல்ல. இந்த வாரம் கத்துக் குடுத்தா அடுத்த வாரம் ஆளக் காணோம். அதுக்கடுத்த வாரம் சிரிச்சிக்கினு வந்து நிக்கிறாங்க. மாசக் கடைசியோட வேன நிறுத்திக்கிறேன்."

யோசித்துப் பாருங்கள். ஒரே மலை, ஒரே கிராமங்கள். முதலாளி ஆள் இல்லை என்கிறார். எங்கள் கணக்கு வேலை இல்லை என்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றால் நடுவில் என்ன இருக்கிறது? எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பரபரப்பில்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள் ஜீப்பில் ஏறினோம். பர்வீன் பதிவு செய்திருந்த வீடுகளில் ஒன்றில் அலமேலு இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அதே வீட்டில் அவளுடைய ஓரகத்தி செல்வியும் உண்டு. செல்வி பட்டறைக்குப் போயிருந்தாள். நான் டேப்பில் இருப்பதைக் கேட்டேன், அலமேலு பர்வீனிடம் சொன்னதையே சொன்னாள். இந்த வாரம் வேலை இல்லை, கொடுத்தால் போவேன்.

டேப்பில் இல்லாததையும் கேட்டேன்.

"அதுக்கு முந்தின வாரம் இன்னாம்மா செஞ்சே?"

"பட்டறைக்குப் போனேனே."

"அதுக்கும் முந்தின வாரம்?"

"செல்வி போனா." சொல்லிவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது முகத்தில் தெரிந்தது.

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. வேன் முதன்முதலில் வந்தபோது, அதில் இருக்கிற இடத்தைப்போல இரண்டு பங்குப் பெண்கள், வேன் நிற்கும் சாலை வளைவில் வந்து நின்றார்கள். ஏறியவர்கள் போனார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று மாலையே ஊர்ப் பெண்களெல்லாம் உட்கார்ந்து பேசிவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல வேனுக்கும் முறை. ஒரு வாரம் பாதிப் பேர், அடுத்த வாரம் மீதிப் பேர். யாரும் முந்தக்கூடாது, யாரும் விடுபடக்கூடாது. ஒருத்தி நன்றாகத் தைக்கிறாள் என்பதற்காக அவளுக்குக் கூடுதல் வாரம் கிடையாது.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது! முதலாளி கண்ணில் படுவது வேலைக்கு வராமல் போகும் பெண்கள். எங்கள் டேப்பில் படுவது வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள். இரண்டும் ஒரே பெண்கள். முன்பெல்லாம் வேலைக்கு எங்கே போவது என்று சொன்னவர்கள், ஒரு வேன் வந்ததும் எனக்கும் வேலை வேண்டும் என்று வாய் திறந்து சொல்கிறார்கள். அந்தக் கோடு ஏறியது நோய் அல்ல, நல்ல செய்தி. நான் அங்கேயே நின்றபடி மேலதிகாரியைக் கூப்பிடக் கைப்பைக்குள் போனைத் துழாவினேன்.

அப்போது அலமேலு சொன்னாள். "மேடம், பட்டறையில மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, கை வேகமா போறவள வெச்சிக்கினு மத்தவள நிறுத்திடுவாங்க. செல்விக்குக் கை கொஞ்சம் நிதானம்."

"உனக்கு?"

"எனக்கு நல்லா வரும்." அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "வாரா வாரம் போனேன்னா எங்க வூட்டுக்காரரு குடகுக்குப் போவ வேணாம். வருஷத்துல பாதி அங்கதான் கீறாரு. புள்ளைக்கி அப்பன் மொகமே மறந்து போவுது. ஆனா அதுக்காவ செல்விய தள்ளிட்டு நான் போவ முடியுமா?"

பர்வீன் என் முழங்கையை மெல்லத் தொட்டாள். "மேடம், யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு சொல்லித்தானே நாம கேள்வியே ஆரம்பிக்கிறோம்."

போனைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மற்றதெல்லாம் கதை, இதுதான் வேலை. நான் சொன்னால் வாக்கை மீறியவள். அதோடு போகாது, அவர் பாதிப் பேரை நிறுத்திவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில். சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் வேன் நின்றுவிடும். அப்புறம் எல்லோருக்கும் வேலை போகும், என் அலுவலகத்துக் கோடு மறுபடி படுத்துக்கொள்ளும், மேலதிகாரியும் மகிழ்ச்சியாகக் காபி குடிப்பார். நாம் ஒருவர் வீட்டுக்குள் போய்க் கேட்டுக்கொண்டு வருவது நமக்குச் சொந்தமில்லை. எவ்வளவு நல்ல காரணத்துக்காகவும் அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் யாருக்குச் சொந்தமோ அவர்களிடம் பேசலாம். அதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை.

அலமேலுவிடம் பேசினேன். வேன் நிற்கப்போகிறது என்பதை முதலாளி ஊரறியச் சொல்லியிருந்தார், அதை மறைக்கத் தேவையில்லை. கேட்டதும் அவள் வேன் நிற்கும் வளைவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்" என்றேன். "சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும். அவரு இங்க வந்தா சொல்லுவீங்களா?"

"அவரு எதுக்கு இங்க வராரு?"

"வந்தா?"

அவள் முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். "எல்லார் வூட்டு விஷயமும் இது. கேட்டுத்தான் சொல்லணும்" என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கீழே இறங்கியதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். முதலாளி மரியாதையான மனிதர். டீ வரவழைத்தார்.

"இன்னா மேடம், கணக்கு எடுக்க எங்கிட்டயே வந்துட்டீங்களா?"

"இல்ல பாய். ஒண்ணு கேக்கணும். உங்க வேன்ல நீங்க ஒரு தடவயாவது மேல போயிருக்கீங்களா?"

"நான் எதுக்குங்க போறது? ட்ரைவர் போறான், வர்றான்."

"நிறுத்தறதுக்கு முன்னால ஒரு தடவ போய்ப் பாத்துட்டு நிறுத்துங்க."

என்னை உற்றுப் பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டார், வியாபாரி அல்லவா. என்ன என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டார். நான் டீயை மட்டும் குடித்தேன். கடைசியில் சிரித்துவிட்டு, "சரிங்க, திங்கக்கெழம வர்றேன். மலைக் காத்தாவது வாங்கினு வரலாம்" என்றார்.

அலமேலுவுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். திங்கட்கிழமை காலை வேனில் முதலாளி வருகிறார். அவ்வளவுதான்.

வாரக் கடைசியில் கணக்கையும் அனுப்பினேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மறுபடி நேரில் போய்ச் சரிபார்த்தேன், பதிவு சரி என்று ஒரு வரி சேர்த்தேன். மேலதிகாரி போனில் கொஞ்சம் சத்தம் போட்டார். நானும் கொஞ்சம் போட்டேன். ஓய்வு பெறப் போகிறவளுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆகவே நீங்கள் சத்தமில்லாமல் மறுத்துப் பழகுங்கள்.

திங்கட்கிழமை காலை நானும் பர்வீனும் முதலாளியோடு வேனில் முன்னால் உட்கார்ந்து போனோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "இந்த ரோட்லயா தெனம் வர்றாங்க?" என்று ஒருமுறை கேட்டார். எனக்குக் கவலை வேறு. பெண்கள் பேசி முடித்தார்களா, என்ன முடிவு செய்தார்கள், ஒன்றுமே தெரியாது. வழக்கம்போலப் பாதிப் பேர் மட்டும் வந்து ஏறிவிட்டால் கதை அத்தோடு முடிந்தது.

கடைசி வளைவு திரும்பியதும் பர்வீன் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

எல்லோரும் நின்றார்கள். இந்த வாரத்துப் பெண்கள் ஒரு பக்கம், மறு வாரத்துப் பெண்கள் ஒரு பக்கம். அத்தனை பேரும் தலை வாரி, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில்.

முதலாளி இறங்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எல்லாமே அவருக்குத் தெரிந்த முகங்கள். ஆனால் எல்லா முகங்களையும் ஒரே நாளில் அவர் பார்த்ததில்லை.

"இன்னாம்மா இது?"

அலமேலு முன்னால் வந்தாள். "போன வாரம் வந்தவங்க அவங்க. இந்த வாரம் வர்றவங்க நாங்க. வண்டியில எடம் பத்தல. அதான் மொற வெச்சிக்கினோம்."

"வராத வாரம் வூட்ல இன்னா செய்றீங்க?"

"வண்டி போறதப் பாத்துக்கினு நிப்போங்க."

அவர் முகம் சிவந்தது. "இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. நான் ஒங்களயெல்லாம் இன்னா இன்னா பேசியிருக்கேன் தெரியுமா?"

"சொன்னா நல்லாத் தைக்கறவள வெச்சிக்கினு மத்தவள நிறுத்திடுவீங்கன்னு பயங்க."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சேச்சே, அப்படியெல்லாம் செய்வேனா என்று சொல்லியிருக்கலாம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "நிறுத்தியிருப்பேன்" என்றார். "மொத மாசமே சொல்லியிருந்தா நிறுத்தித்தான் இருப்பேன்."

பிறகு மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் போடுகிறவரைப்போலச் சொன்னார். "இப்ப இன்னா பண்றது? இவங்களுக்கும் கத்துக் குடுத்தாச்சு, அவங்களுக்கும் கத்துக் குடுத்தாச்சு. ரெண்டு செட்டும் நம்ம பட்டறை ஆளுங்க. எவள விடறது?"

எனக்கு அந்தக் கணம்தான் உறைத்தது. முறை வைத்ததால்தான் அத்தனை பெண்களும் தொழில் கற்றிருந்தார்கள். ஆள் இல்லை என்று புலம்பிய மனிதர், தமக்கே தெரியாமல் இரண்டு மடங்கு ஆளைத் தயார் செய்து வைத்திருந்தார்.

அவர் போனை எடுத்தார். மலையில் சிக்னல் கிடைக்காமல் பாறை மேல் ஏறி நின்று, கீழே யாரிடமோ இன்னொரு வேன் அனுப்பச் சொல்லிச் சத்தம் போட்டார். யாரும் கை தட்டவில்லை. இந்த வாரத்துப் பெண்கள் வேனில் ஏறவும் இல்லை. இரண்டாவது வண்டி வரும்வரை அவர்களும் தூக்கோடு அங்கேயே நின்றார்கள். வேலைக்குத் தாமதமாகிறது என்று பட்டறை மேஸ்திரி போனில் கத்தினான். "கத்தட்டும்" என்றார் முதலாளி. இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் இறங்கியபோது பர்வீன் அழுதாள். நானும்தான், எழுதுவதற்கென்ன வெட்கம்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். வேலை வரும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் மனிதர்கள் வேலை கேட்பார்கள். ஆகவே எண் ஏறினால் உடனே அஞ்சாதீர்கள், இறங்கினால் உடனே மாலை போடாதீர்கள். யாருடைய எண் என்று போய்ப் பாருங்கள். கேட்டதைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்ததை மாற்றாதீர்கள். ஒருவர் வீட்டுச் செய்தியை அவர்கள் வாயால்தான் வெளியே வரவிடுங்கள். இவ்வளவும் எனக்கு ஒரே வாரத்தில் தேவைப்பட்டது.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அதற்கடுத்த சுற்றுதான் என் கடைசிச் சுற்று. பர்வீனோடு நானும் போனேன், கண்காணிப்பு என்று பெயர், ஆசைதான் காரணம். ஆண்கள் குடகுக்குப் போயிருக்கும் பருவம் அது. முதல் வீட்டுக்குப் போனோம், பூட்டியிருந்தது. அடுத்த வீடு, பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. நம் தொழிலில் பூட்டிய வீட்டைப்போல எரிச்சல் வேறில்லை, மறுபடி மறுபடி வரவேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. மேலதிகாரி போன் செய்தார்.

"இன்னா மேடம், மலையிலேர்ந்து ஒரு வீடுகூட இன்னும் வரலையே?"

"கேக்கறதுக்கு ஆள் இல்ல சார்" என்றேன். சொல்லும்போதே என் குரல் ஏறிவிட்டது. "ஒரு வீட்லயும் ஆள் இல்ல!"

அலமேலு வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம். அங்கேயும் புத்தம் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அப்போது கீழே சரிவில் இருந்த கொல்லி நிலத்திலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் அதுவரை பார்த்திராத மனிதர். ஏரை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறி வந்தார். அவர் தோளில் ஒரு சின்னப் பெண் குழந்தை, அவர் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

"அலமேலுவப் பாக்க வந்தீங்களா?" என்றார். "நான் அவ வூட்டுக்காரருங்க. அவளும் செல்வியும் வேலைக்குப் போய்ட்டாங்க. சாவி எங்கிட்டதான் கீது, வந்து குந்துங்க."